டிசேபிலிட்டி பென்ஷன்: போர்முனையில் இருந்ததையும் அங்கே பட்ட காயத்தையும் எப்படி நிரூபிப்பது?

குன்னூர், வெலிங்டன், ஜெகதளா, எடப்பள்ளி, கோத்தகிரி என்று நம் மலையில் எந்தப் பக்கம் போனாலும் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் சர்வீஸ் பென்ஷனை மட்டும் வாங்கிக்கொண்டு, காலில் ஏறிய குண்டுத் துண்டையோ, ஷெல் வெடித்ததில் கேட்காமல் போன காதையோ, பனியில் கறுத்து வெட்டி எடுத்த விரலையோ தங்கள் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள். கேட்டால் "அப்பவே யாரும் எழுதிக் குடுக்கல, இத்தனை வருஷம் கழிச்சு யார் தரப்போறாங்க" என்பார்கள். பட்டாளத்தில் கிளார்க் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அங்கே எழுதாமல் நடக்கிற காரியம் ரொம்பக் குறைவு. உங்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போயிருந்தால் அதற்கு ஒரு காகிதம் போட்டிருப்பார்கள். அது உங்கள் பெட்டியில் இல்லை, அவர்கள் அலமாரியில் இருக்கிறது, அவ்வளவுதான். சாட்சி தேடி அலைவதற்கு முன்னால் அந்தக் காகிதத்தை அதன் சரியான பெயர் சொல்லி, சரியான ஆபீஸில் கேளுங்கள்.

காட்ட வேண்டியது இரண்டு

ஒன்று, நீங்கள் அந்த இடத்தில் அந்தத் தேதியில் இருந்தீர்கள் என்பது. இன்னொன்று, இப்போது இருக்கும் ஊனமோ நோயோ அங்கே இருந்ததால் வந்தது, அல்லது ஏற்கெனவே இருந்தது அங்கே போனதால் முற்றியது என்பது. நம் ஆட்கள் முதலாவதைக் காட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். 1971-க்கான பஸ்சிமி ஸ்டார், பூர்வி ஸ்டார், கார்கிலுக்கான ஆப் விஜய் ஸ்டார் எல்லாம் நீங்கள் போனதைச் சொல்லும், அடிபட்டதைச் சொல்லாது. அடிபட்டதைச் சொல்லும் மெடல் என்றால் பராக்ரம் பதக், அதாவது முன்பு ஊண்ட் மெடல் என்று சொன்னது. எதிரியின் நேரடித் தாக்குதலில் காயம் பட்டவருக்குத்தான் அதைத் தருவார்கள். அது உங்களிடம் இருந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

இந்த இரண்டுக்கும் மேலே, ஊனம் 20 சதவீதமோ அதற்கு மேலோ என்று மெடிக்கல் போர்டு, அதாவது ராணுவ டாக்டர்கள் குழு, போட்டிருக்க வேண்டும். ஆனால் உடல்நிலை காரணமாகவே பாதியில் வெளியே அனுப்பப்பட்டவர் என்றால் சதவீதம் குறைவாகப் போட்டிருந்தாலும் மனதை விடாதீர்கள், அப்படி அனுப்பினாலே ஊனம் 20 சதவீதத்துக்கு மேல் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2014-ல் சுக்விந்தர் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது.

முதலில் டிஸ்சார்ஜ் புக்

பட்டாளத்தை விட்டு வெளியே வந்தபோது கொடுத்த, ட்ரங்குப் பெட்டியின் அடியில் இருக்கும் அந்தப் புத்தகத்தை எடுங்கள். நம் ஊர் மழைக்கு அது ஊறிப் பூசணம் பிடித்து, பக்கம் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுத்துப் பிரிக்காதீர்கள். வெயில் படாத, காற்று வரும் இடத்தில் இரண்டு மூன்று நாள் விரித்து வைத்து, தானாக விட்டுக்கொடுத்த பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். லேமினேஷன் மட்டும் போட்டுவிடாதீர்கள், பிறகு சீலையும் கையெழுத்தையும் சரிபார்க்கிறவருக்கு அது இடைஞ்சல்.

அதில் பார்க்க வேண்டியது டிஸ்சார்ஜ் ஆன காரணம், அன்றைக்கு இருந்த மெடிக்கல் கேட்டகரி, மெடல்கள். 'லோ மெடிக்கல்' ஆகி வெளியே வந்தவர் என்றால் உங்களுக்கு ரிலீஸ் மெடிக்கல் போர்டு நடந்திருக்கிறது என்று அர்த்தம், அதன் முழு அறிக்கை உங்கள் படைப்பிரிவின் சர்வீஸ் காகிதங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் இருக்க வேண்டும். ஷேப்-ஒன்னில், அதாவது முழு ஃபிட் என்று வெளியே வந்தவருக்கு வழி கொஞ்சம் கரடு. ஆனாலும் சர்வீஸில் இருந்தபோது ஆஸ்பத்திரியில் சேர்ந்த பதிவு இருந்தால் அதை வைத்துப் பேசலாம்.

எந்த ரெக்கார்ட் ஆபீஸ்?

இங்கே நிறைய பேர் வழி தவறுகிறார்கள். வெலிங்டன் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே உள்ள ரெஜிமென்ட் சென்டருக்குப் போய்க் கேட்டால் போதும் என்று ஜீப் பிடித்து வந்துவிடுவார்கள். வெலிங்டனில் இருப்பது மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட்ஸ். நீங்கள் சேர்ந்தது சாப்பர் (இன்ஜினியர் படை) என்றால் எம்.ஈ.ஜி., அதாவது மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், அது பெங்களூரு. ஏ.எஸ்.சி.யில் (சப்ளை, போக்குவரத்துப் படை) இருந்த நம் பக்கத்து ஆட்களுக்கும், மிலிட்டரி போலீஸுக்கும், பாராசூட் ரெஜிமென்ட்டுக்கும் பெங்களூருதான். பீரங்கிப் படை என்றால் நாசிக், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், வண்டி, ஆயுதம் பழுது பார்க்கும் ஈ.எம்.ஈ.யும் தளவாடக் கிடங்கு பார்க்கும் ஆர்ட்னன்ஸும் செகந்திராபாத், மெடிக்கல் கோர் லக்னோ, கார்ட்ஸ் காம்ப்டி, டாங்கிப் படை அகமத்நகர் (இப்போது அகில்யாநகர்). ஓய்வுக்குப் பிறகு டி.எஸ்.சி.யில் (டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர்) சேர்ந்து காவல் வேலை பார்த்தவர்களுக்கு அந்த இரண்டாம் சர்வீஸின் பதிவு கண்ணூரில் இருக்கும், முதல் சர்வீஸின் பதிவு பழைய இடத்தில். விமானப் படை என்றால் டெல்லி, கப்பற்படை என்றால் மும்பை.

ஊட்டியில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகம், நாம் இன்னும் சைனிக் போர்டு என்று சொல்கிற அந்த ஆபீஸ், இதை எல்லாம் முடிவு செய்யும் இடம் கிடையாது. ஆனால் அங்கே போய்ப் பேசுவது நல்லது. மனுவை ஆங்கிலத்தில் எழுதவும், மேலே அனுப்பவும் அவர்கள் உதவ வேண்டும், கலெக்டர் நடத்தும் படைவீரர் குறைதீர் கூட்டத்தின் தேதியும் அங்கேதான் தெரியும்.

என்ன கேட்பது?

"என் ரெக்கார்டு எல்லாம் அனுப்புங்கள்" என்று எழுதினால் ஒரு பக்கத்தில் உங்கள் சர்வீஸ் விவரத்தை டைப் அடித்து அனுப்பிவிடுவார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள். ஷீட் ரோல், அதாவது உங்கள் சர்வீஸ் விவரத் தாள். லாங் ரோலில், அதாவது படையில் சேர்ந்தவர்களின் பதிவேட்டில், உங்கள் பதிவு உள்ள பக்கத்தின் நகல். உங்களைப் பற்றி யூனிட் வெளியிட்ட பார்ட் டூ ஆர்டர்கள், இவற்றில்தான் போஸ்டிங், ஆஸ்பத்திரியில் சேர்ந்தது, வெளியே வந்தது, கேஷுவாலிட்டி ஆனது எல்லாம் தேதியோடு வரும். காயம் என்றால் இன்ஜுரி ரிப்போர்ட், அதன் படிவ எண் ஐ.ஏ.எஃப்.ஒய்-2006. விசாரணை நடந்திருந்தால் கோர்ட் ஆஃப் என்கொயரி அறிக்கை. சண்டையில் அடிபட்டவர் என்றால் பேட்டில் கேஷுவாலிட்டி (போரில் பாதிக்கப்பட்டவர்) என்று அறிவித்த செய்தியும் ஆர்டரும். கடைசியாக ரிலீஸ் மெடிக்கல் போர்டின் முழு அறிக்கை, ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16, எல்லாப் பக்கமும். கடிதத்தின் தலையில் ஆர்மி நம்பர், ரேங்க், யூனிட், சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி இருக்கட்டும். நம்பர் இல்லாமல் எழுதிய கடிதம் எந்த மேஜையிலும் நிற்காது.

சாதாரணக் கடிதத்துக்கு ஒரு மாதம் பொறுங்கள். பதில் இல்லையா, தகவல் உரிமைச் சட்டத்தில் போடுங்கள். 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் போதும், ஆன்லைனிலும் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். மனுவில் பென்ஷன் வேண்டும், நியாயம் வேண்டும் என்று எழுதாதீர்கள், இன்ன காகிதத்தின் நகல் வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். கையெழுத்து சம்பந்தப்பட்டவருடையதாக இருக்கட்டும், ஏனென்றால் இது மருத்துவப் பதிவு, மகன் பெயரில் கேட்டால் மூன்றாம் நபர் என்று திருப்பிவிடுவார்கள். அவர் இறந்துவிட்டார் என்றால் மனைவி கையெழுத்துப் போட்டு, இறப்புச் சான்றையும் தான் மனைவி என்பதற்கான ஆதாரத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. அவர்களுடைய சர்வீஸ் காகிதங்களை 25 வருஷத்துக்குப் பிறகு அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. ஆனால் லாங் ரோலை அழிப்பதில்லை. ஆகவே "டாக்குமென்ட்ஸ் டெஸ்ட்ராய்ட்" என்று ஒரு வரிப் பதில் வந்தால் அதோடு நிறுத்தாமல் எந்தத் தேதியில், எந்த உத்தரவின்படி அழித்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள், கூடவே லாங் ரோல் நகலையும் கேளுங்கள். உங்களிடம் இருக்க வேண்டிய காகிதத்தை அவர்கள்தான் அழித்தார்கள் என்பது பிற்பாடு கோர்ட்டில் உங்கள் பக்கம் நிற்கும்.

மெடிக்கல் போர்டு அறிக்கையைப் படிக்கும் விதம்

கிடைக்கும் காகிதங்களிலேயே இதுதான் உயிர். இதன் முதல் பகுதி நீங்களே கொடுத்த வாக்குமூலம். அதில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எந்த ஊரில் இருந்தீர்கள், அது பீஸா (அமைதிப் பகுதி) ஃபீல்டா (போர்முனைப் பகுதி) என்று வரிசையாக எழுதியிருக்கும். நிறைய பேருக்கு இதை ஆபீஸில் யாரோ அவசரத்தில் நிரப்பியிருப்பார்கள், வெளியே வரும் அவசரத்தில் நாமும் கையெழுத்துப் போட்டிருப்போம். பார்ட் டூ ஆர்டரில் இருக்கும் போஸ்டிங்கையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பாருங்கள். சியாச்சினில் இருந்த மாதங்கள் விட்டுப்போயிருக்கலாம், 1987-க்கும் 1990-க்கும் நடுவில் ஸ்ரீலங்காவில் ஆப்பரேஷன் பவனில் இருந்த காலம் யூனிட்டின் இந்திய முகவரியிலேயே எழுதப்பட்டிருக்கலாம். நோய் எப்போது தொடங்கியது என்று டாக்டர் எழுதிய தேதியை எடுத்து, அந்தத் தேதியில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று பாருங்கள். அது ஃபீல்டில் விழுந்தால் உங்கள் வாதத்தின் முதுகெலும்பு கிடைத்துவிட்டது.

அடுத்து டாக்டர்களின் கருத்து. ஊனம் சர்வீஸால் வந்ததா, சர்வீஸில் முற்றியதா, இரண்டும் இல்லையா என்று மூன்றில் ஒன்று இருக்கும். இரண்டும் இல்லை என்பதைத்தான் 'நானா' என்று சுருக்கிச் சொல்வார்கள். நம் ஆட்களுக்கு பென்ஷன் மறுக்கப்படுவதற்கு நான் பார்த்த வரைக்கும் பெரிய காரணம் இந்த ஒரு சொல். அதைப் பார்த்ததும் சோர்ந்துபோகாமல் பக்கத்துக் கட்டத்தில் காரணம் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். "பீஸில் தொடங்கியது", "உடல்வாகு சார்ந்தது" என்று ஒரே வரி இருக்கும், சிலதில் அதுவும் இருக்காது.

இந்த இடத்தில்தான் 2013-ல் சுப்ரீம் கோர்ட் தரம்வீர் சிங் வழக்கில் கொடுத்த தீர்ப்பைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் பட்டாளத்தில் சேரும்போது செய்த பரிசோதனையில் அந்த நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லை என்றால், பின்னால் வந்தது சர்வீஸால் வந்தது என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று சொல்கிறவர்கள்தான் காரணத்தோடு நிரூபிக்க வேண்டும், அந்தப் பாரம் ஜவான் தலையில் கிடையாது, சந்தேகத்தின் பலன் அவருக்கே. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, மனநோய், காது கேளாமை என்று எத்தனையோ பேருக்கு இந்தத் தீர்ப்பு கை கொடுத்திருக்கிறது. விதிகள் பிறகு மாறியிருக்கின்றன, 2008-ல் ஒரு தடவை, 2023 செப்டம்பரில் இன்னொரு தடவை, ஆகவே நீங்கள் எந்தத் தேதியில் வெளியே வந்தீர்கள் என்பதைப் பொறுத்து எந்த விதி என்று பார்க்க வேண்டும். 2023 விதி அதற்கு முன்னால் வந்தவர்களைத் தொடாது.

ஹார்ட் அட்டாக் என்றால் ஒரு தனிக் காகிதம் முக்கியம். அட்டாக் வந்த நாளுக்கு முந்தைய 14 நாள் என்ன வேலை பார்த்தீர்கள் என்று யூனிட் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், அதைத்தான் டாக்டர்கள் பார்ப்பார்கள். அதையும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அந்த 14 நாளில் இரவுப் பட்ரோலோ கார்ட் டூட்டியோ இருந்திருக்கும், எழுதிக் கொடுத்தவர் அதை விட்டிருக்கலாம்.

சாதாரண ஊனமா, போர்க் காயமா?

இந்த வித்தியாசத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்குக் கணக்கைக் காட்டுகிறேன். கணக்கில் எடுக்கும் கடைசிச் சம்பளம் 30,000 ரூபாய், ஊனம் 40 சதவீதம் என்று வையுங்கள். 20-லிருந்து 50-க்குள் எது இருந்தாலும் 50 என்று உயர்த்திக் கணக்கிடுவார்கள், 75 வரை 75, அதற்கு மேல் 100. சாதாரண டிசேபிலிட்டி எலிமென்ட், அதாவது ஊனத்துக்கான தொகை, என்றால் முழு ஊனத்துக்குச் சம்பளத்தில் 30 சதவீதம், அதில் பாதி, மாதம் 4,500. போர்க் காயம் பட்டும் சர்வீஸில் தொடர்ந்து பிறகு ஓய்வு பெற்றவர் என்றால் 60 சதவீதத்தில் பாதி, 9,000. போர்க் காயத்தாலேயே வெளியே அனுப்பப்பட்டவர் என்றால் முழுச் சம்பளத்தில் பாதி, 15,000. இது சர்வீஸுக்கான பென்ஷன் தொகைக்கு மேலே.

போர்க் காயம் என்றால் எதிரி சுட்டது மட்டும் இல்லை. பாதுகாப்பு அமைச்சகம் 2001 ஜனவரி 31-ல் போட்ட உத்தரவில் 'ஈ' பிரிவு என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எல்லை மோதல், வெளிநாட்டில் அமைதிப் படையில் இருந்தபோது நடந்தது, கண்ணிவெடி புதைக்கும்போதும் எடுக்கும்போதும் நடந்த விபத்து, ஆப்பரேஷன் டூட்டியில் தீவிரவாதிகள் தாக்கியது, அரசு தனியாக அறிவித்த ஆப்பரேஷன்கள் எல்லாம் அதில் வரும். 2001-2002-ல் ஆப்பரேஷன் பராக்ரமில் ராஜஸ்தான், பஞ்சாப் எல்லையில் கண்ணி புதைத்துக் காலை இழந்தவர்களை வெறும் விபத்து என்று எழுதி வைத்திருந்தால் அது திருத்தப்பட வேண்டிய பதிவு. உங்கள் பார்ட் டூ ஆர்டரில் பேட்டில் கேஷுவாலிட்டி என்று இருக்கிறதா, பிசிக்கல் கேஷுவாலிட்டி (போர் சாராத விபத்து, நோய்) என்று இருக்கிறதா என்று பாருங்கள், சண்டை முழுக்க இந்த இரண்டு சொல்லுக்கு நடுவில்தான்.

ஏற்கெனவே டிசேபிலிட்டி வாங்குகிறவர்களும் ஸ்பர்ஷ் என்ற பென்ஷன் இணையதளத்தில் போய் பி.பி.ஓ.வை, அதாவது பென்ஷன் உத்தரவைத் திறந்து, சதவீதம் உயர்த்திப் போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சர்வீஸ் முடித்து முறையாக ஓய்வு பெற்றவர்களுக்கும் அந்த உயர்வு உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவ்தார் வழக்கில் தீர்ப்பு வந்தது. அது தெரியாமல் இன்னும் 30 சதவீதத்துக்கே வாங்குகிறவர்கள் இருக்கலாம்.

காகிதம் கிடைக்காதபோது

இப்போதுதான் சாட்சி. அதே கம்பெனியில் உங்களோடு இருந்தவர் இரண்டு பேர், முடிந்தால் ஒரு ஜே.சி.ஓ. (சுபேதார் போன்றவர்) அல்லது ஆபீஸர், தங்கள் ஆர்மி நம்பர், யூனிட், கம்பெனி, தேதி போட்டு, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதி நோட்டரியிடம் கையெழுத்துப் போடட்டும். "நல்லவர், வீரமாகச் சண்டை போட்டார்" என்பது எதற்கும் ஆகாது. எந்த இடத்தில், எப்படி அடிபட்டது, யார் தூக்கினார்கள், எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள் என்பதுதான் வேண்டும். ஆட்களைக் கண்டுபிடிக்க பட்டாலியனின் ரெய்சிங் டே, ரீயூனியன் நல்ல சமயம். வெலிங்டனில் சென்டர் ரீயூனியன் நடக்கும்போது கேரளா, ஆந்திரா, தமிழ்நாடு எங்கிருந்தெல்லாமோ பழைய ஆட்கள் மலை ஏறி வருவார்கள், நீங்கள் பக்கத்திலேயே இருக்கிறீர்கள், போய்ப் பேசுங்கள்.

வீட்டில் பழைய இன்லேண்ட் லெட்டர் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். முகவரியில் ராணுவத் தபால் எண் '56 ஏ.பி.ஓ.' என்றால் மேற்குப் பக்கம், '99 ஏ.பி.ஓ.' என்றால் கிழக்கு. முத்திரையில் எஃப்.பி.ஓ. (ஃபீல்ட் போஸ்ட் ஆபீஸ்) எண்ணும் தேதியும் இருக்கும். கடிதத்தில் "கால்ல அடி, ஆஸ்பத்திரியில இருக்கேன், பயப்படாதே" என்று ஒரு வரி இருந்தால், அது அந்தக் காலத்திலேயே எழுதப்பட்டது என்பதால் இப்போது எழுதும் எந்த அஃபிடவிட்டையும் விட அதற்கு மதிப்பு அதிகம். காயம் ஆறிய இடத்தில் உள்ளே உலோகத் துண்டு இருந்தால் ஒரு எக்ஸ்ரே எடுத்து, இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) டாக்டரிடம் எழுதி வாங்கி வையுங்கள்.

பெயர் தகராறு நம் பக்கம் அதிகம். அப்பா பெயர் இனிஷியலாக முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில், போஜன் ஒரு காகிதத்தில் போஜா கவுடர், பெள்ளியின் ஸ்பெல்லிங் மூன்று விதம், மனைவி பெயர் வீட்டில் கூப்பிடும் பெயராக. ஆதார், பேங்க், பி.பி.ஓ., டிஸ்சார்ஜ் புக் நான்கிலும் ஒரே பெயர் வரும்படி முதலிலேயே சரிசெய்துகொள்ளுங்கள். பணம் சாங்ஷன் ஆன பிறகு இதனால் நின்றுபோனால் அதை விட வயிற்றெரிச்சல் வேறு இல்லை.

மறுத்துவிட்டால்

மறுப்புக் கடிதம் கையில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல், அதுவும் மறுத்தால் அடுத்த ஆறு மாதத்துக்குள் இரண்டாம் அப்பீல், இரண்டும் ரெக்கார்ட் ஆபீஸ் வழியாக. அப்பீலில் கதை வேண்டாம். மெடிக்கல் போர்டு எழுதிய காரணம் இது, அதற்கு எதிராக இன்ன பார்ட் டூ ஆர்டர், இன்ன தேதி, இன்ன பக்கம் என்று எழுதி நகலை இணையுங்கள். ஒரிஜினலை எங்கேயும் கொடுக்காதீர்கள், தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்குப் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம், நமக்குச் சென்னை பெஞ்ச். வருஷம் கடந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், பென்ஷன் மாதாமாதம் மறுக்கப்படும் உரிமை என்பதால் தாமதத்தை மன்னிக்க இடம் உண்டு, ஆனால் 2008-ல் தர்செம் சிங் வழக்கில் சொன்னபடி பாக்கித் தொகை வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்குத்தான் பொதுவாக வரும். இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் ஒரு வருஷப் பணம் போகிறது என்று அர்த்தம்.

வக்கீல் செலவுக்கு யோசிக்கிறவர்கள் ஊட்டி கோர்ட்டில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு, ஆகவே படைவீரரின் மனைவி தாராளமாகக் கேட்கலாம். வருகிற பணத்தில் இத்தனை பங்கு என்று பேரம் பேசி ஆதாரையும் ஸ்பர்ஷ் பாஸ்வேர்டையும் வாங்கிக்கொள்ளும் ஏஜென்டுகளிடம் எதையும் கொடுக்காதீர்கள், நான் மேலே சொன்னதில் ஏஜென்ட் இல்லாமல் நடக்காத வேலை ஒன்றுகூட இல்லை.

கணவர் இறந்துவிட்டார், இனி என்ன கேட்பது என்று இருக்கும் அம்மாக்களுக்கு: அவர் உயிரோடு இருந்தபோது அவருக்கு வர வேண்டியிருந்த டிசேபிலிட்டித் தொகையை வாரிசாக நீங்கள் கேட்கலாம். அந்த ஊனமோ நோயோதான் அவர் சாவுக்குக் காரணம் என்றால் சாதாரணக் குடும்ப பென்ஷன் இல்லை, கடைசிச் சம்பளத்தில் 60 சதவீதமான ஸ்பெஷல் ஃபேமிலி பென்ஷன் கேட்க வேண்டும். அதற்கு ஆஸ்பத்திரி கொடுத்த இறப்புக் காரணச் சான்று வேண்டும், வெறும் இறப்புச் சான்றிதழில் காரணம் இருக்காது. வீட்டில் இறந்தவர் என்றால் கடைசியாகப் பார்த்த டாக்டரிடம் உடனே எழுதி வாங்குங்கள், காரியம் முடியட்டும் என்று விட்டால் அந்த டாக்டர் மாறிப் போய்விடுவார்.